கல்லின் காலடியில் ஒரு பெட்டி

வெளிநாட்டில் கல்வெட்டு வேலை பார்த்த அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று, நம் துறையில் இந்த ஆண்டு சேர்ந்தவர்கள் கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட கட்டுரைகளை வழக்கமாக நரைத்த தலைகள்தான் எழுதும். எனக்கு இன்னும் நரைக்கவில்லை. நரைத்திருக்க வேண்டிய நியாயம் இருந்தது என்பதை இதைப் படித்து முடிக்கும்போது ஒப்புக்கொள்வீர்கள். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு மெல்பனில் வீட்டோடு இருக்கிறேன். அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவள்தான். சின்னவன் தூங்குகிறான். அவன் எழுவதற்குள் முடித்துவிடலாம் என்று ஆரம்பிக்கிறேன். நடுவில் எங்காவது அறுந்தது போலத் தெரிந்தால் காரணம் அவன்.

கல்லில் தாளை ஒட்டி மைப்படி எடுப்பது எப்படி, தேய்ந்த எழுத்தைப் படிப்பது எப்படி என்பதெல்லாம் உங்களுக்கு அங்கேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எழுத்தைப் படிப்பது இந்தத் தொழிலில் சுலபமான பகுதி. கல் சண்டை போடாது. கல்லைச் சுற்றி நிற்பவர்கள் போடுவார்கள். அந்தச் சண்டையில் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சரியாகச் செய்தேனா என்பது இன்றுவரை எனக்கே நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

என் கணவருக்கு இங்கே பொறியாளர் வேலை கிடைத்து, மகள் நித்யாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வந்து இறங்கியது எழுபதுகளின் நடுவில். ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். அங்கே என்னைத் தவிர இன்னொரு தமிழர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். காட்சிக்கூடத்தை வடிவமைப்பவர். நான் ராசா அண்ணா என்பேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். அவருடைய மனைவி மலர் அக்காதான் நான் வேலைக்குப் போகும் நேரத்தில் நித்யாவைப் பார்த்துக்கொண்டார். இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் உத்தியோகம் முழுவதும் அந்த ஒரு வீட்டின் வாசற்கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டால் அடுத்த நாளே நான் வேலையை விட வேண்டியதுதான். வேறு யாரிடமும் விட முடியாது. விசாரித்துப் பார்த்துவிட்டோம்.

எங்கள் தலைவர் சாதுவான மனிதர். உரக்கப் பேசமாட்டார். முடிவு எதுவும் சொல்லவும் மாட்டார். பழைய கல்வெட்டுகளின் படிகளை வைத்து ஒரு கண்காட்சி நடத்துவோம் என்றார். வாசகங்கள் என் பொறுப்பு, வடிவமைப்பு ராசா அண்ணாவின் பொறுப்பு. கண்காட்சி நன்றாக அமைந்தால் என் வேலையை நீட்டிப்பதாகவும் சொன்னார். எங்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "நீங்கள் இருவரும் ஒரே மொழி பேசுகிறவர்கள்தானே? பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒரே மொழி பேசுகிறவர்கள் பேசி முடித்ததாக அவர் எங்கே கேள்விப்பட்டாரோ தெரியவில்லை.

கண்காட்சியின் நடுநாயகம் ஒரு துருக்கியக் கல்வெட்டு. மங்கோலியாவில் ஓர்க்கான் என்று ஓர் ஆறு. அன்று துருக்கியர் வாழ்ந்த அதன் கரைப் பக்கம், எட்டாம் நூற்றாண்டில், ஒரு துருக்கிய அரசன் இறந்துபோன தம்பிக்காகக் கல் நட்டான். நாம் நடுகல் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். ஆனால் இரண்டு ஆள் உயரம், நான்கு பக்கம். மூன்று பக்கங்களில் அவர்களுடைய மொழியில், அவர்களுடைய எழுத்தில், அரசன் தன் மக்களைக் கூப்பிட்டுப் பேசுகிறான். நான்காவது பக்கத்தில் சீன எழுத்து. அது சீனப் பேரரசரின் இரங்கல். எங்களுக்குக் கடனாக வந்தவை சுண்ணச்சாந்தில் வார்த்தெடுத்த இரண்டு படிகள். துருக்கியப் பக்கத்தில் ஒரு துண்டு, சீனப் பக்கத்தில் ஒரு துண்டு. ஒவ்வொன்றும் ஆள் உயரம். ஒவ்வொன்றும் தனி மரப்பெட்டியில் வந்தது.

மெய்க்கீர்த்திகளைப் படித்து வந்தவளுக்குத் துருக்கியப் பக்கத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு திகைப்பாகத்தான் இருந்தது. நம் அரசர்கள் ஊர் ஊராகப் பிடித்த கதையைச் சொல்வார்கள். குடிமக்களை முன்னால் நிறுத்தித் திட்டியதாக நான் படித்ததில்லை. இவன் திட்டுகிறான். சீனத்துப் பட்டுக்கும் இனிப்பான பேச்சுக்கும் மயங்கினீர்கள் என்கிறான். வயிறு நிறைந்தால் பசித்த நாளை மறந்துவிடுகிறீர்கள் என்கிறான். இருந்த அரசை நீங்களே கெடுத்துக்கொண்டு அடிமையானீர்கள் என்கிறான். எழுதிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சிதறிக் கிடக்கும் இத்தனை குடிகளை ஒரே ஆளைப்போல நிறுத்தி, உன் மேல்தான் தப்பு என்று ஒருவன் சொல்ல முடிகிறது என்றால், அவர்கள் தங்களை ஒன்று என்று நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்நியரை யாரும் இவ்வளவு உரிமையோடு திட்டமாட்டார்கள். நாம் இன்று தேசம் என்று சொல்வதை அந்தக் கல்லின் மேல் ஏற்றலாமா என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை. எனக்கும் தயக்கம்தான். ஆனால் அந்தத் திட்டு இல்லாமல் அந்தக் கல் இல்லை என்பதில் மட்டும் தயக்கமில்லை.

வாசகத்தை எழுதி ராசா அண்ணாவிடம் கொடுத்தேன். மறுநாள் பார்த்தால், அச்சாகி வந்த பலகையில் திட்டு முழுவதும் காணாமல் போயிருந்தது. ஒரு காலத்தில் அரசு இருந்தது, அந்நியர் பட்டுக் காட்டி ஏமாற்றினர், மீண்டும் எழுந்தோம். அவ்வளவுதான். மேலே பெரிய எழுத்தில் 'ஓர் இனத்தின் முதல் குரல்' என்று தலைப்பு. அதையும் நான் எழுதவில்லை.

"அண்ணா, பாதியக் காணோமே?" என்றேன்.

"நாலு வரிக்கு மேல ஒருத்தரும் நிண்டு வாசிக்க மாட்டினம், பிள்ளை."

"அப்ப நாலு வரில திட்டையும் சேர்த்து எழுதித் தர்றேன்."

"சனிக்கிழமை திறப்பு விழாவுக்கு ஆர் வருகினம் எண்டு தெரியுந்தானே? துருக்கிச் சங்கத்து ஆக்கள். குடும்பம் குடும்பமா வரப்போகினம். கார்த் தொழிற்சாலையில கிடந்து மாயுற சனம். வீட்டுக்குக் கூப்பிட்டு வச்சு, உங்கட மூதாதையர் பிழை விட்டவை எண்டு சொல்லுறதோ?"

"நான் சொல்லல. அவங்க ராஜா சொல்றான்."

"உம்மட கையாலதானே எழுதுறீர்?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சிரித்துக்கொண்டே போகிறவரிடம் என்ன சண்டை போடுவது? நான் விட்டுவிட்டேன். அச்சாகிவிட்டதே, இனி என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மனத்தில் ஓடியது, மாலையில் அவர் வீட்டில் போய் நித்யாவைத் தூக்க வேண்டுமே என்பதுதான்.

அடுத்த அடி வியாழக்கிழமை விழுந்தது. காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தேன். சுவரை ஒட்டித் துருக்கியப் படி கம்பீரமாக நின்றது. அடியில் கறுப்புத் துணி போர்த்திய மேடை. நன்றாகத்தான் இருந்தது, அதை மறுக்கவில்லை. சீனப் பக்கத்தை எங்கே நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அதுக்கு இடம் காணாது."

"சரி, எங்க வச்சிருக்கீங்க? பெட்டியக் காணோம்?"

அவர் கறுப்புத் துணியைக் காலால் லேசாக விலக்கினார். மேடை என்று நான் நினைத்தது பெட்டி. ஆணிகூடப் பிடுங்காத பெட்டி. அதன்மேல் பலகை அடித்து, துணி போர்த்தி, துருக்கியப் படியை ஏற்றி நிறுத்தியிருந்தார். ஒரே கல்லின் ஒரு பக்கம், அதே கல்லின் இன்னொரு பக்கத்தின் தலைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்ததா, அழுகை வந்ததா என்று இப்போது சொல்ல முடியாது. "இதுக்கு ஒரு மேசை கிடைக்கலயா?" என்று மட்டும் கேட்டேன்.

"இது சரியான உயரம். பாரும், கண்ணுக்கு நேரா வருகுது" என்றார் பெருமையோடு.

இதில் உங்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாம் கோயில் சுவரில் படித்துப் பழகியவர்கள். சுவருக்கு முன்பக்கம் மட்டும்தான். மைப்படி எடுத்து, உலர்த்தி, எண் போட்டு, மடித்து வைத்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தனி ஆவணமாகிவிடுகிறது. அதனால் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது நமக்குக் குற்றமாகவே படாது. கடன் பட்டியலில் இரண்டு படிகள் என்று பார்த்தபோது, இரண்டு கல்வெட்டு என்றுதான் நானும் முதலில் கணக்கில் எடுத்தேன். நட்டகல் அப்படி அல்ல. அதைச் சுற்றி வர வேண்டும். செப்பேட்டை நினைத்துப் பாருங்கள். வடமொழிப் பகுதி வம்சத்தைப் புகழும், தமிழ்ப் பகுதி எந்த நிலம், எது எல்லை என்று சொல்லும். ஒன்றை மட்டும் படித்தவன் பாதி படித்தவன்.

இதையெல்லாம் அன்று மாலை ராசா அண்ணா வீட்டுக் குசினியில் நின்றுகொண்டு சொன்னேன். மலர் அக்கா நித்யாவுக்கு இடியப்பம் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார்.

"செப்பேடு வேற, இது வேற" என்றார் அவர்.

"எப்படி வேற? நம்மள ஏமாத்தினான்னு ஒரு பக்கம் சொல்லுது. ஏமாத்தினவன் என்ன சொல்றான்னு அடுத்த பக்கம் இருக்கு. அதப் பெட்டில வச்சு ஆணியடிச்சா, இது கல்வெட்டு இல்லண்ணா, போஸ்டர்."

அவர் முகம் மாறியது. கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்ர தம்பி சோதினையில எடுத்த மார்க்ஸுக்கு எப்பவோ எஞ்சினியரிங் கிடைச்சிருக்க வேணும். தமிழ்ப் பெடியன் எண்டபடியால் அந்த மார்க்ஸ் காணாதாம். ஊரில கிடக்கிறான். அவனை மறிச்சவை தங்கட பக்கத்தில வடிவா எழுதி வச்சிருக்கினம், எல்லாருக்கும் சமநீதி எண்டு. அதையும் கொண்டுவந்து பக்கத்தில நிப்பாட்டுவமோ?"

"அண்ணா, நான் அதச் சொல்லல..."

"உமக்கு நாடு இருக்கு, பிள்ளை. காலமை எழும்பிப் பாத்தாலும் அது அங்கயேதான் இருக்கும். இல்லாதவனுக்குத்தான் அந்தக் கல் என்ன சொல்லுது எண்டு விளங்கும்."

நான் நித்யாவின் துணிகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினேன்.

"உங்கட கல்லுகளை வேலைசெய்யிற கந்தோரிலேயே வச்சிட்டு வாங்கோ" என்றார் மலர் அக்கா எங்கள் இருவரையும் பார்க்காமல். "பிள்ளை சாப்பிடுற நேரம்."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"நீ சொல்றது சரிதான்" என்றார் கடைசியில்.

"அப்ப?"

"சரியா இருந்து என்ன பண்றது? திங்கக்கிழமை பாப்பாவ யாரு பாத்துப்பா? சீன ராஜாவா?"

"ஏங்க, விளையாடாதீங்க."

"விளையாடல. இந்த ஊர்ல மொத்தமே நாலு தமிழ்க் குடும்பம். அதுல ஒண்ண ஆயிரம் வருஷத்துக்கு முன்ன செத்தவனுக்காக முறைச்சுக்கணுமா? உனக்கு வேலை வேணுமா, கல்லு வேணுமா?"

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அது அவ்வளவு நிச்சயமாகவும் இல்லை. வேலையே போய்விட்டால் அப்புறம் எந்தக் கல்லுக்காகச் சண்டை போடுவேன்? கல்லுக்காகச் சண்டை போடாவிட்டால் அந்த வேலை எதற்கு? இப்படி யோசித்தே வெள்ளிக்கிழமை ட்ராமில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டு, குளிரில் திரும்பி நடந்தேன்.

தலைவரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று அவர் அறை வாசல் வரை போனேன். அங்கேயே நின்றேன். நான் உள்ளே போய்ச் சொன்னால் என்ன ஆகும்? அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழரை ஒரு வெள்ளைக்காரரிடம் கோள் சொன்னவளாவேன். சொல்லாவிட்டால் என் பெயரில் ஒரு பாதிக் கல்வெட்டு நிற்கும். தலைவரே வெளியே வந்துவிட்டார். "எல்லாம் சுமுகமாகப் போகிறதா?" என்றார். "மேடை விஷயமாக ஒரு சிறு..." என்று ஆரம்பித்தேன். "நீங்கள் இருவரும் பேசி முடித்துவிடுவீர்கள்" என்று புன்னகைத்துவிட்டுப் போனார். நாளைக்குத் திறப்பு விழாவில் கல்வெட்டைப் பற்றி நான் சில நிமிடம் பேச வேண்டும் என்றும் நினைவூட்டினார். இப்படிப்பட்ட தலைவர்கள் உங்களுக்கும் வாய்ப்பார்கள். அவர்கள் மேல் கோபப்பட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கோபப்பட அங்கே பிடிமானமே இருக்காது.

சனிக்கிழமை துருக்கிச் சங்கத்தார் நிஜமாகவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள். ஆண்கள் கோட்டு போட்டிருந்தார்கள். பெண்கள் தட்டுத் தட்டாக இனிப்பு கொண்டுவந்திருந்தார்கள். காட்சிக்கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று தலைவர் மெல்லச் சொல்ல, தட்டுகளெல்லாம் ஜன்னல் விளிம்பில் வரிசையாக ஏறின. என் கணவருக்கு அன்று வேலை. மலர் அக்கா நித்யாவைத் தூக்கிக்கொண்டு பின்வரிசையில் நின்றார். ராசா அண்ணா கதவோரம்.

சங்கத்தின் செயலாளர் நெஜாத் என்பவர். கார்த் தொழிற்சாலையில் வேலை. நான் ஆங்கிலத்தில் பேசுவதை அவர் துருக்கி மொழியில் சொல்வது என்று ஏற்பாடு. நான் ஒரு வரி சொன்னால் அவர் ஐந்து வரி சொன்னார். மீதி நான்கில் என்ன சொன்னார் என்று கடைசிவரை தெரியவில்லை. கூட்டம் மட்டும் நன்றாக ரசித்தது.

பலகையில் இருப்பதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதாகத்தான் எண்ணம். ஆனால் அத்தனை முகங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அரைகுறையாகச் சொல்ல வாய் வரவில்லை. அரசன் திட்டுவதையும் சொன்னேன். வயிறு நிறைந்தால் பசியை மறந்துவிடுகிறீர்கள் என்ற இடம் வந்ததும், நெஜாத் சிரித்துக்கொண்டே ஒரு பருமனான மனிதரைக் காட்டி ஏதோ சொன்னார். அந்த மனிதரின் மனைவி முழங்கையால் அவரை இடித்தார். கூடம் முழுவதும் சிரிப்பு. யாரும் மனம் புண்பட்டதாகத் தெரியவில்லை. நான் ராசா அண்ணாவைப் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை.

ஏதாவது கேள்வி உண்டா என்று தலைவர் கேட்டார். பெரும்பாலும் இருக்காது என்ற குரலில்தான் கேட்டார். தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெண்மணி, படியின் ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். சுவர்தான் தெரிந்தது. நெஜாத்திடம் ஏதோ கேட்டார்.

"பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார்" என்றார் நெஜாத்.

எந்தக் கல்லைப் பார்த்தாலும் யாருக்கும் தோன்றக்கூடிய கேள்வி. அதற்கு நான் தயாராகவே இல்லை. பின்பக்கம் இங்கே வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் இனிப்புச் சாப்பிடப் போயிருப்பார்கள். பின்வரிசையில் நித்யா மலர் அக்காவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். பொய் நாக்கு நுனிவரை வந்தது. வந்ததைச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். பெரிய தைரியம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

"இன்னொரு பக்கத்தில் சீன எழுத்து இருக்கிறது. அந்தப் படி இங்கேதான் இருக்கிறது" என்றேன். "இந்தக் கல்லின் காலடியில், இந்தப் பெட்டிக்குள்."

நெஜாத் மொழிபெயர்த்தார். இந்த முறை ஒரே வரி. கூட்டம் மேடையைப் பார்த்தது. ஒருவர் குனிந்து துணியை விலக்கினார்.

"பார்க்கலாமே" என்றார் நெஜாத்.

"இன்றைக்கு வேண்டாம், பிறகு முறைப்படி..." என்றார் தலைவர்.

"ஐயா, நாங்கள் வாரம் முழுவதும் கார்க் கதவு தூக்குகிறவர்கள். இது என்ன கனம்?" என்று சொல்லும்போதே நெஜாத் கோட்டைக் கழற்றிவிட்டார். இன்னும் ஐந்தாறு கோட்டுகள் ஜன்னல் பக்கம் போயின. தலைவர் "தயவுசெய்து" என்று நாலைந்து முறை சொன்னார். அந்தச் சொல்லுக்கு யாரும் எந்தக் காலத்திலும் நின்றதில்லை. கடனாக வந்த படி, உலகத்தில் எத்தனை இருக்குமோ தெரியாது, ஆறு பேர் ஆறு பக்கம் பிடித்து ஆட்டுகிறார்கள். ஒரு பிசகு நடந்தால் வேலை போகட்டும், அந்தக் கல்லின் முகத்தில் என்றும் விழிக்க முடியாது.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து ஒரு சத்தம்.

"மேல பிடிக்காதேங்கோ! அடியில! அடியில பிடியுங்கோ!"

ராசா அண்ணா பாய்ந்து வந்தார். பதற்றத்தில் தமிழிலேயே கத்தினார். ஆச்சரியம், அத்தனை பேரும் அடியில் பிடித்தார்கள். "மெல்ல, மெல்ல, சரிக்காதேங்கோ, இஞ்சால, இஞ்சால" என்று அவர் கையைக் காட்டக் காட்ட, துருக்கியப் படி ஒரு கீறல் இல்லாமல் பக்கத்துச் சுவரில் சாய்ந்தது. ஆணியைப் பிடுங்கியவரும் அவர்தான், வேறு யாரையும் தொடவிடவில்லை. மூடி திறந்ததும் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

வரிவரியாக, கட்டம் போட்டது போலச் சீன எழுத்து. அதைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே ஒருவர்கூட இல்லை, நான் உட்பட. பலகைக்காக ஓர் ஆங்கில நூலிலிருந்து எடுத்து வைத்து, ராசா அண்ணா இடமில்லை என்றதால் ஒதுக்கிய மொழிபெயர்ப்பு என் பையில் இருந்தது. எடுத்து அதன் சாரத்தைச் சொன்னேன். சீனப் பேரரசர் துருக்கிய அரசனை மகன் போன்றவன் என்கிறார், இரு நாடுகளுக்கும் பகை ஓய்ந்ததைப் பேசுகிறார், இறந்த தம்பிக்காக வருந்துகிறார்.

"பொய்!" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் ஆங்கிலத்திலேயே.

"இருக்கலாம்" என்றேன். "ஆனால் இந்தக் கல்லைச் செய்து அலங்கரிக்க அரசன் சீனப் பேரரசரிடமிருந்துதான் கலைஞர்களை வரவழைத்தான். அதைத் துருக்கியப் பக்கமே சொல்கிறது."

நெஜாத் அதைச் சொன்னதும் கூடம் இரண்டாகப் பிளந்தது. ஆளுக்கு ஆள் பேசினார்கள். பெரியவர் ஒரு படியையும் மறு படியையும் மாறி மாறிக் கைகாட்டிக் கத்தினார். பூப்போட்ட துணி கட்டிய பெண்மணி அவருக்குப் பதில் சொன்னார், அவரும் கத்தித்தான். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, அங்கிருந்து மீண்டும் இங்கே. இனிப்புத் தட்டை மறந்து அவ்வளவு நேரம் ஒரு கல்லின் முன்னால் மனிதர்கள் நின்று நான் பார்த்ததில்லை.

கூட்டம் கலைந்த பிறகு தலைவர் என்னிடம் வந்தார். பார்வையாளர்கள் காட்சிப் பொருளைத் தொடுவது இனி ஒருபோதும் நடக்கக்கூடாது என்றார். பிறகு, அடுத்த ஆண்டுக்கும் என்னை வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னதால், இரண்டாவது சொன்னதைப் புரிந்துகொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது. சந்தோஷப்படலாம் என்று திரும்பினேன். மலர் அக்கா நித்யாவை என் கையில் கொடுத்துவிட்டு, "அவர் காருக்குள்ள இருக்கிறார், நான் போயிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிப் போனார். திங்கட்கிழமையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் என்னிடம் பாடம் எதிர்பார்ப்பீர்கள். கல்லைச் சுற்றி வாருங்கள். காட்ட முடியாத பக்கம் இருந்தால், அது எங்கே இருக்கிறது என்றாவது சொல்லுங்கள். யாருக்கு மனம் நோகும் என்று நீங்களாக முடிவு செய்து கல்லின் வாயைப் பொத்தாதீர்கள். இவ்வளவையும் எழுதிவிட்டேன், ஆனால் ராசா அண்ணாவின் தம்பி ஊரில் உட்கார்ந்திருந்தது எனக்கு மறக்கவில்லை. சுற்றி வரும்போது எல்லாருக்கும் ஒரே அளவு கால் வலிப்பதில்லை.

ஞாயிறு முழுவதும் தொலைபேசி அடிக்கவில்லை. நானும் அவர்களைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, வேண்டாம் என்று காதால் கேட்பதைவிட நேரில் போய்த் தெரிந்துகொள்வது மேல் என்று நினைத்தேன். அது சரியா என்றும் யோசித்தேன். "கேட்டுடேன்" என்றார் கணவர். "நீங்க கேளுங்க" என்றேன். அவரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை நித்யாவைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனேன். அவளுடைய மாற்றுத் துணியையும் பால் புட்டியையும் எப்போதும் போலப் பையில் எடுத்து வைத்திருந்தேன். அவர்கள் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் மணியை அடித்தேன். வழக்கமாக மலர் அக்கா திறப்பார். ராசா அண்ணா திறந்தார். மேல்கோட்டு போட்டு வேலைக்குத் தயாராக இருந்தார். என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.

"நான் சொன்னது சொன்னதுதான், பிள்ளை. அதில மாற்றமில்லை" என்றார்.

"சரிண்ணா" என்றேன்.

அவர் குனிந்து வண்டியின் வாரை அவிழ்த்து நித்யாவைத் தூக்கினார். பையையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். உள்ளே திரும்பி, "மலர், பிள்ளை வந்திட்டாள்" என்று குரல் கொடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"அந்தச் சீனப் பக்கத்துக்கு வெளிச்சம் காணாது. தரையில கிடக்கிறதை ஆர் வாசிக்கிறது? இண்டைக்கு நிப்பாட்ட வேணும். கெதியா வாரும், ட்ராம் போயிடும்."